எலியில் குறைந்த வீக்கமும் நாம் உண்ணும் மாத்திரையும்

புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. முடக்குவாதத்திற்காகப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் தாயாரை அழைத்துக்கொண்டு மகள் வருகிறார். தாயாரின் விரல் மூட்டுகள் மீண்டும் வீங்கியிருக்கின்றன. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்திற்கு மேல் கையை மடக்க முடியவில்லை என்கிறார். மருந்துச் சீட்டைப் பார்த்தால் இரண்டு மாதங்களாக மாத்திரைகள் வாங்கப்படவே இல்லை. காரணம் கேட்டதும் மகள் கைப்பையிலிருந்து மடித்து வைத்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து நீட்டுகிறார். “எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வீக்கம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம், டாக்டர். பக்கவிளைவும் இல்லையாம். அதனால்தான் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு இந்தச் சாற்றை வாங்கிக் கொடுத்தோம்.”

அந்த மகளை நாங்கள் குறை கூறுவதில்லை. தாயின் வலியைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் நம்பிக்கை தரும் செய்தியைப் பற்றிக்கொள்வது இயல்பு. அச்செய்தியும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எலிகளின் வீக்கம் உண்மையாகவே குறைந்திருக்கலாம். ஆனால் அந்த ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்பதும், தாயாரின் மூட்டுகள் கேட்கும் கேள்வி எது என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலியும் அழற்சியும்

நம் உடலில் ஓரிடம் காயமுற்றாலோ, கிருமி புகுந்தாலோ, உடலின் எதிர்ப்பாற்றல் தவறாகத் தன் திசுவையே தாக்கினாலோ, அவ்விடத்தில் இரத்த ஓட்டம் மிகுகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. வெள்ளணுக்கள் அங்கே குவிகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்னும் நான்கு அடையாளங்களும் ஒருங்கே தோன்றுகின்றன. இதனையே அழற்சி என்கிறோம். வலி அழற்சியின் ஒரு பகுதியாக வரலாம்; நரம்பு நசுங்குவதாலும் நரம்பே பழுதடைவதாலும் அழற்சியின்றியும் வரலாம். நீரிழிவு நோயாளரின் பாத எரிச்சல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் அழற்சியையும் வலியையும் ஒருசேரக் குறைப்பவை. இவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை 1971-ஆம் ஆண்டில் பிரிட்டன் அறிவியலாளர் ஜான் வேன் விளக்கினார். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் உருவாவதை இவை தடுக்கின்றன என்று அவர் கண்டறிந்தார். இப்பணிக்காக 1982-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே புரோஸ்டாகிளாண்டின்கள் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதற்கும், சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பதற்கும் தேவைப்படுகின்றன. வலி மாத்திரைகளை அளவின்றி விழுங்குவோருக்கு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படுவது இதனால்தான். இத்தீங்குகள் குறைந்த வேறொரு மருந்து வேண்டும் என்பதற்காகவே உலகெங்கும் புதிய சேர்மங்களைத் தொடர்ந்து தேடிவருகின்றனர்.

வீக்கத்தை அளக்கும் முறை

புதிய சேர்மம் ஒன்று அழற்சியைக் குறைக்குமா என்று அறிய ஆய்வகங்கள் மிகுதியாகக் கையாளும் சோதனை, எலியின் பின்னங்கால் பாதத்தில் செய்யப்படுவதாகும். 1962-ஆம் ஆண்டில் விண்டரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இதனை வெளியிட்டனர். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் கராகீனன் என்னும் பொருளை நீரில் கரைத்து, ஏறத்தாழ 0.1 மி.லி. அளவு எலியின் உள்ளங்காலில் ஊசியால் செலுத்துவர். ஐஸ்கிரீம் முதலிய உணவுகளைக் கெட்டிப்படுத்தவும் பயன்படும் இப்பொருள், தோலுக்கு அடியில் சென்றதும் அழற்சியைத் தூண்டுகிறது. பாதம் வீங்கத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து மணி நேரத்திற்குள் வீக்கம் உச்சத்தை எட்டுகிறது.

வீக்கத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில்லை. திரவம் நிறைந்த குழாய் ஒன்றினுள் பாதத்தைக் கணுக்கால் வரை அமிழ்த்துவர். பாதம் விலக்கும் திரவத்தின் அளவே பாதத்தின் கன அளவு. ஊசி போடும் முன்னும், பிறகு மணிக்கொரு முறையும் இவ்வாறு அளந்தால் வீக்கம் எவ்வளவு என்பது எண்ணாகக் கிடைத்துவிடும்.

எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பர். குழுவுக்கு ஆறு எலிகள் என்பது பரவலான வழக்கம். ஒரு குழுவுக்கு மருந்தற்ற கரைசல் மட்டும் தரப்படும். இது ஒப்பீட்டுக் குழு. இன்னொரு குழுவுக்கு இண்டோமெதசின் அல்லது டைக்ளோஃபெனாக் போன்ற, ஏற்கெனவே பயன் அறியப்பட்ட மருந்து தரப்படும். மற்றக் குழுக்களுக்குப் புதிய சேர்மம் வெவ்வேறு அளவுகளில் தரப்படும். எடுத்துக்காட்டாக, ஒப்பீட்டுக் குழுவின் பாதம் சராசரியாக 0.8 மி.லி. வீங்கியது என்றும், புதிய சேர்மம் பெற்ற குழுவில் 0.4 மி.லி. மட்டுமே வீங்கியது என்றும் கொள்வோம். ‘வீக்கம் 50 விழுக்காடு தடுக்கப்பட்டது’ என்று ஆய்வறிக்கை கூறும். செய்தித்தாளில் வரும் ‘பாதிக்கு மேல் குறைந்தது’ என்னும் வரி பெரும்பாலும் இத்தகைய கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

முடக்குவாதத்திற்கு இன்னும் நெருக்கமான நீண்ட சோதனையும் உண்டு. கொல்லப்பட்ட காசநோய் வகைக் கிருமிகளை எண்ணெயில் கலந்து எலிக்குச் செலுத்தினால், இரண்டு மூன்று வாரங்களில் அதன் எதிர்ப்பாற்றல் தூண்டப்பட்டு மூட்டுகள் பல வீங்கும். சில மணி நேரத்தில் முடியும் பாதச் சோதனையைவிட இது நோயாளரின் நிலைக்கு ஓரளவு அண்மையானது. ஆகவே, எந்தச் சோதனை செய்யப்பட்டது என்று கேட்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

வலியை எப்படி அளப்பது?

நாங்கள் உங்களிடம், “வலி பத்தில் எத்தனை?” என்று கேட்கிறோம். எலியிடம் அவ்வாறு கேட்க இயலாது. ஆகவே வலியை நேரடியாக அளக்காமல், வலிக்கும்போது விலங்கு என்ன செய்கிறது என்பதை அளக்கின்றனர்.

ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸ் சூடாக்கிய தட்டின் மீது சுண்டெலியை விடுவது ஒரு முறை. பாதத்தை நக்கும் வரை, அல்லது துள்ளும் வரை எத்தனை விநாடிகள் கழிகின்றன என்று பார்ப்பர். வாலின் மீது வெப்ப ஒளியைப் பாய்ச்சி, வாலை விலக்கும் நேரத்தைக் கணக்கிடுவது இன்னொரு முறை. இது 1941-ஆம் ஆண்டிலிருந்தே வழக்கில் இருக்கிறது. மார்ஃபின் போன்று மூளை, தண்டுவடத்தின் வழியாக வேலை செய்யும் மருந்துகளை இவ்விரு சோதனைகளும் நன்கு காட்டிக்கொடுக்கும். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இவற்றில் பெரும்பாலும் தேறுவதில்லை.

வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்தை நன்கு நீர்க்கச் செய்து சுண்டெலியின் வயிற்றறையில் செலுத்தி, அது வலியால் எத்தனை முறை உடலை நெளிக்கிறது என்று எண்ணுவது மூன்றாவது முறை. இதில் ஆஸ்பிரின் வகை மருந்துகள் நன்றாகத் தேறும். ஆனால் வலிநீக்கிகள் அல்லாத பிற மருந்துகள் சிலவும் இதில் தேறிவிடுகின்றன. எனவே இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து ஒரு சேர்மத்தை வலிநீக்கி என்று முடிவுகட்டக் கூடாது.

நான்காவது முறை ஃபார்மலின் சோதனை. நீர்த்த ஃபார்மலினைப் பாதத்தில் செலுத்தியதும் முதல் ஐந்து நிமிடங்கள் விலங்கு பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். பிறகு சற்று அமைதி. ஏறத்தாழ பதினைந்து நிமிடங்களுக்குப் பின் மீண்டும் நக்கத் தொடங்கும். முதற்கட்டம் நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதால் வருவது. இரண்டாம் கட்டத்தில் அழற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. மார்ஃபின் இரு கட்டங்களையும் குறைக்கும். ஆஸ்பிரின் வகை மருந்துகள் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தையே குறைக்கும். ஒரு புதிய சேர்மம் எந்த வழியில் வேலை செய்கிறது என்பதற்கு இதிலிருந்து ஒரு குறிப்புக் கிடைக்கிறது.

இவை அனைத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு சேர்மம் விலங்கை வெறுமனே மயக்கத்தில் ஆழ்த்தினாலோ, தசைகளைத் தளர்த்தினாலோ, அது சூடான தட்டிலும் மெதுவாகத்தான் அசையும். அதைப் பார்த்து வலி குறைந்தது என்று எண்ணிவிடலாம். இதனைத் தவிர்க்க, மெல்லச் சுழலும் தண்டு ஒன்றின் மீது விலங்கை ஏற்றி, அது விழாமல் நடக்கிறதா என்று தனியாகச் சோதிப்பர். எந்த விலங்குக்கு எந்த மருந்து தரப்பட்டது என்பதை அளப்பவர் அறியாதபடி மறைத்துவைப்பதும் நல்ல ஆய்வின் அடையாளம். எதிர்பார்ப்பு கண்ணையும் கையையும் அறியாமலே சாய்த்துவிடும்.

எலிக்கும் நமக்கும் இடையே

இத்தனை கவனத்துடன் செய்த ஆய்வும் ஏன் உடனே மருந்துச் சீட்டில் ஏறுவதில்லை? அதற்கு நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, காலம். பெரும்பாலான பாதச் சோதனைகளில் சேர்மத்தை முதலில் கொடுத்துவிட்டு, அரை மணி அல்லது ஒரு மணி நேரம் கழித்தே கராகீனனைச் செலுத்துகின்றனர். அதாவது மருந்து காத்திருக்கிறது. அழற்சி பிறகு வருகிறது. நம் தாயாரோ பல ஆண்டுகளாக இருந்துவரும் அழற்சியுடன் வருகிறார். வரவிருக்கும் வீக்கத்தைத் தடுப்பது ஒன்று. வேரூன்றிய வீக்கத்தை வடியச் செய்வது மற்றொன்று.

இரண்டாவது, உடல்நிலை. ஆய்வுக்கூட எலி ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள, ஒரே மரபினத்தைச் சேர்ந்த, ஒரே தீவனத்தை உண்டு வளர்ந்த, நோயற்ற இளம் விலங்கு. நோயாளருக்கு அறுபது வயதைக் கடந்திருக்கும்; நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருக்கும்; காலையில் மூன்று மாத்திரை, இரவில் இரண்டு மாத்திரை என்று உண்டுவருவார். புதிய பொருள் அந்த மாத்திரைகளோடு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை எலி சொல்லாது.

மூன்றாவது, அளவு. எலிக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 400 மி.கி. என்ற கணக்கில் ஒரு சாறு தரப்பட்டதாகக் கொள்வோம். எடையை மட்டும் வைத்துப் பெருக்கினால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 24 கிராம் என்று வரும். இது தவறான கணக்கு. சிறிய விலங்குகளின் உடல் மருந்தை விரைவாகச் செலவழிக்கிறது. ஆகவே உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுவர். எலியின் அளவை ஏறத்தாழ ஆறால் வகுக்க வேண்டும். அப்போது ஏறக்குறைய 4 கிராம் என்று வரும். இதுவும் மனிதருக்கான மருந்தளவு அன்று. மனித ஆய்வைத் தொடங்குவோர் இதற்கும் பல மடங்கு குறைவான அளவிலிருந்தே தொடங்குவர்.

நான்காவது, இன வேறுபாடு. இதற்கு நம் நாட்டிலேயே வேதனையான சான்று இருக்கிறது. டைக்ளோஃபெனாக் மனிதருக்கும் மாட்டுக்கும் வலி குறைக்கும் மருந்தாகப் பயன்பட்டது. அம்மருந்து செலுத்தப்பட்டுச் சிறிது காலத்திற்குள் இறந்த மாடுகளின் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளோ சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. கழுகுகளின் பேரழிவுக்கு இதுவே காரணம் என்பது 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. 2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்திய அரசு தடைசெய்தது. நீலகிரியை அடுத்த மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளைக் காக்க இன்றும் முயற்சிகள் நடந்துவருகின்றன. மாட்டுக்கு மருந்தானது கழுகுக்கு நஞ்சாயிற்று. ஓர் உயிரினத்தில் கண்டதை இன்னோர் உயிரினத்திற்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

ஒரு மாத்திரை கடந்துவந்த வழி

விலங்கு ஆய்வுகள் பயனற்றவை என்று நாங்கள் சொல்லவில்லை. நம் வீடுகளில் பலரும் அறிந்த இபுபுரூஃபன் அவ்வழியாகவே வந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில், பூட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டுவர்ட் ஆடம்ஸ் என்னும் ஆய்வாளர், 1950-களில் முடக்குவாதத்திற்கு ஆஸ்பிரினைவிடச் சிறந்த மருந்தைத் தேடத் தொடங்கினார். கினிப்பன்றியின் முதுகில் மயிரை மழித்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் தோல் சிவக்கும். முன்கூட்டியே கொடுத்த சேர்மம் அச்சிவப்பைத் தடுக்கிறதா என்று அவர் பார்த்தார். வேதியியலாளர் ஜான் நிக்கல்சனும் பிறரும் சேர்மங்களை உருவாக்கித் தர, 600-க்கும் மேற்பட்டவை இவ்வாறு சோதிக்கப்பட்டன.

கினிப்பன்றியில் தேறியவை எல்லாம் மனிதரில் தேறவில்லை. ஒன்று நோயாளரிடம் பயன் தரவில்லை. ஒன்று தோலில் தடிப்பை உண்டாக்கியது. இபுஃபெனாக் என்னும் மற்றொன்று பிரிட்டனில் விற்பனைக்கே வந்துவிட்டது. பிறகு கல்லீரலைப் பாதிப்பது தெரிந்து திரும்பப் பெறப்பட்டது. இபுஃபெனாக்குக்கும் இபுபுரூஃபனுக்கும் இடையிலான வேதியியல் வேறுபாடு ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான். அவ்வளவு சிறிய மாற்றம் கல்லீரலுக்கு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை நோயாளரிடம் செய்த ஆய்வுகளும் பயன்பாடுமே காட்டின. இபுபுரூஃபன் 1969-ஆம் ஆண்டில் பிரிட்டனில் மருத்துவர் சீட்டுடன் விற்பனைக்கு வந்தது. சீட்டின்றி வாங்கலாம் என்று அங்கு அனுமதித்தது 1983-ஆம் ஆண்டில்தான்.

எல்லாப் படிகளையும் கடந்த பின்னும் தீங்கு வெளிப்படலாம். வயிற்றுக்கு இதமான வலி மாத்திரையாக 1999-ஆம் ஆண்டில் வந்த ரோஃபெகாக்சிப், நீண்ட காலம் உண்டவர்களிடையே மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவித்தது தெரியவந்ததால் 2004-ஆம் ஆண்டில் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. ஐந்து மணி நேரப் பாதச் சோதனை இதனை ஒருபோதும் காட்டியிருக்காது.

எதிர்பாராத நன்மையும் உண்டு. நரம்புகளில் வலியைக் கடத்துவதில் பங்கேற்கும் ‘பொருள் பி’ என்னும் வேதிப்பொருளைத் தடுக்கும் சேர்மங்கள் விலங்குகளில் வலியைக் குறைத்தன. மனிதரில் வலியைக் குறைக்கவில்லை. ஆனால் அவற்றுள் ஒன்றான அப்ரெபிடன்ட், புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியைத் தடுப்பதாகக் கண்டறியப்பட்டு 2003-ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. புற்றுநோய்ப் பிரிவில் சிகிச்சை பெறுவோர் பலர் இம்மருந்தின் பெயரை அறிந்திருப்பீர்கள்.

அந்த உயிர்களின் வலி

வலியை நீக்கும் மருந்தைத் தேடுவதற்காக இன்னோர் உயிருக்கு வலி தர நேர்கிறது. இவ்வுண்மையை மறைத்து இக்கட்டுரையை எழுதுவது முறையன்று. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இத்தகைய ஆய்வுகள் கட்டுப்படுத்தப்படுகின்றன. ஒவ்வோர் ஆய்வு நிறுவனத்திலும் நெறிக்குழு ஒன்று முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். விலங்கின்றிச் செய்ய வழியிருந்தால் அவ்வழியைத் தேர்தல், இயன்றவரை குறைந்த விலங்குகளைக் கொண்டு செய்தல், அவற்றின் துன்பத்தைக் குறைத்தல் என்னும் மூன்று நெறிகளை ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு அறிஞர்கள் 1959-ஆம் ஆண்டில் வகுத்தனர். உலகெங்கும் அவையே இன்றளவும் அடிப்படை. சூடான தட்டுச் சோதனையில், விலங்கு அசையாவிட்டாலும் குறித்த விநாடிகளுக்குமேல் அதை அங்கே வைத்திருக்கக் கூடாது என்பது இந்நெறியின் விளைவு. உலக வலி ஆய்வுக் கழகம் 1983-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், இயலுமிடத்து ஆய்வாளர் அந்த வலியைத் தம்மீதே முதலில் செய்துபார்க்க வேண்டும் என்று கூறுகிறது.

மனித உயிரணுக்களைக் கொண்டும் கணினியைக் கொண்டும் செய்யும் ஆய்வுகளை மருந்து அனுமதிக்கான சான்றாக ஏற்கும் வகையில், இந்திய விதிகள் 2023-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டன. விலங்குகளின் தேவை இனிக் குறையக்கூடும், முற்றிலும் நீங்கிவிடவில்லை.

மூலிகைச் சாறு என்றால்

நம் நாட்டில் இவ்வகைச் செய்திகளில் பெரும்பகுதி மூலிகைகளைப் பற்றியதாகவே இருக்கிறது. நொச்சி, முடக்கத்தான், மஞ்சள் என நம் முன்னோர் வலிக்குப் பயன்படுத்திய பலவும் எலிகளில் சோதிக்கப்பட்டுள்ளன. மரபின் அறிவை ஆய்வுக்கு உட்படுத்துவது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஆய்வில் ‘சாறு’ என்று சொல்லப்படுவது, இலையை உலர்த்திப் பொடித்து, சாராயத்திலோ வேறு கரைப்பானிலோ ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கிப் பெறும் செறிந்த பொருள். வீட்டில் கொதிக்கவைக்கும் கஷாயமும், சமையலில் சேர்க்கும் சிட்டிகை மஞ்சளும் அதுவல்ல. கடையில் புட்டியில் அடைத்து விற்கப்படுவது அதே பொருள்தானா என்பதையும் அந்த ஆய்வு உறுதிசெய்யவில்லை.

‘பக்கவிளைவு இல்லை’ என்னும் சொல்லையும் கவனியுங்கள். பெரிய அளவொன்றை ஒரே முறை கொடுத்து, பதினான்கு நாட்கள் பார்த்ததில் எலிகள் இறக்கவில்லை என்பதே பல ஆய்வுகளில் அதன் பொருள். எலிக்குத் தலைவலி வந்திருந்தாலும் அது சொல்லாது. இண்டோமெதசின் உண்ட மனிதர் பலருக்குத் தலைவலி வருவது இன்று நன்கு அறியப்பட்டது; எந்த எலியும் அதை முறையிட்டிருக்க முடியாது.

முடக்குவாதத்திற்குத் தரப்படும் மெத்தோடிரெக்சேட் போன்ற மருந்துகளின் முதன்மை வேலை வலியைக் குறைப்பது மட்டுமன்று. மூட்டின் எலும்பும் குருத்தெலும்பும் அரிக்கப்படுவதை மெதுவாக்குவது. அதை நிறுத்திவிட்டு வலி குறைக்கும் பொருள் ஒன்றை உண்டால், வலி சற்றுக் குறைந்திருக்கும் வேளையிலும் மூட்டு அழிந்துகொண்டிருக்கலாம். ஒருமுறை அரிக்கப்பட்ட மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எங்களால் இயலாது. மேலும், மெத்தோடிரெக்சேட் உண்போரின் கல்லீரலை நாங்கள் இரத்தப் பரிசோதனையால் கண்காணித்து வருகிறோம். எங்களுக்குத் தெரியாமல் வேறொரு பொருளைச் சேர்த்து உண்டால், பரிசோதனையில் மாற்றம் தெரியும்போது எது காரணம் என்று கண்டறிவது கடினமாகிவிடும்.

செய்தியைக் கண்டதும் கேட்க வேண்டியவை

புதிய வலி மருந்தைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது பின்வரும் கேள்விகளை மனத்தில் கொள்ளுங்கள்.

1. சோதனை எலியிலா, மனிதரிலா? மனிதரில் எனில், நலமாக உள்ளவரிடமா, என்னைப் போன்ற நோயாளரிடமா?

2. மருந்து நோய்க்கு முன்னர் தரப்பட்டதா, பின்னர் தரப்பட்டதா?

3. எதனோடு ஒப்பிட்டனர்? ஒன்றும் தராத குழுவோடு மட்டுமா, நாம் இப்போது உண்ணும் மருந்தோடும் ஒப்பிட்டனரா?

4. எத்தனை மணி நேரம், எத்தனை நாட்கள் கவனித்தனர்?

5. வாயால் உண்ணத் தந்தனரா, ஊசியால் செலுத்தினரா? எவ்வளவு?

இவற்றுள் ஒன்றிரண்டுக்கு மட்டுமே செய்தியில் விடை இருக்கும். எஞ்சியவற்றை எங்களிடம் கேளுங்கள். துண்டைக் கத்தரித்துக் கையோடு கொண்டு வாருங்கள். புட்டியில் ஏதேனும் வாங்கியிருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். உண்டதை மறைக்க வேண்டாம். நாங்கள் கோபித்துக்கொள்வதற்காகக் கேட்பதில்லை. மருந்துக்குச் செலவு மிகுதியாவதால் நிறுத்தியிருந்தாலும், வயிறு எரிந்ததால் நிறுத்தியிருந்தாலும் அதனைச் சொல்லுங்கள். செலவு குறைந்த மருந்துக்கோ, வேறு அளவுக்கோ, வயிற்றைக் காக்கும் துணை மாத்திரைக்கோ வழி இருக்கும். பலரும் செய்தித்தாளை நாடுவது, சொல்லத் தயங்கிய ஒரு சிரமத்தினால்தான் என்பதை நாங்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

கறுப்பான அல்லது இரத்தம் கலந்த மலம், கண்ணில் மஞ்சள் நிறம், சிறுநீர் குறைதல், முகமும் காலும் வீங்குதல், மூச்சுத் திணறல், தோலில் திடீர்த் தடிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வலிக்கென எதை உண்டிருந்தாலும் இது பொருந்தும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட மகளிடம் நாங்கள் அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்வது இதுதான்: “இதைப் பத்திரமாக வைத்திருங்கள், அம்மா. இந்தச் சேர்மம் நல்லதாகவே இருக்கலாம். அது மனிதருக்கான மருந்தாகித் தேறி வரும் நாளில், அம்மாவின் விரல்கள் அதை எடுத்து உண்ணும் நிலையில் இருக்க வேண்டும். அதுவரை அந்த மூட்டுகளைக் காப்பது இப்போதைய மாத்திரைதான். இன்றே மீண்டும் தொடங்குவோம். அதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்துவிடுங்கள்.”